இரண்டு கட்டை இறக்கிய பாட்டு

வீட்டில் எனக்கு வராத பாட்டு ஹாலில் வந்தது. வீட்டில் அவருக்கு அருமையாக வந்த அதே பாட்டு ஹாலில் வரவில்லை. இந்த ஒரு விஷயம் இரண்டு வருஷம் என் மண்டையைக் குடைந்தது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். பாட்டு என்றால் ஒரு சினிமா ஜோடிப் பாட்டு. மேடை ஏறினால் நாங்கள் இருவரும் அதைத்தான் பாடுவோம்.

ஹால் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணா நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில், காதுகுத்து, வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஏசி ஹால். விசேஷம் விழாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கரோக்கி குழு அதைப் பிடித்துக்கொள்ளும். ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு வங்கிக்காரர், டீச்சர்கள், அப்புறம் எங்களைப் போல் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பதிகள். மைக், ஸ்பீக்கர், லேப்டாப் எல்லாம் சவுண்டு தம்பியுடையது. தம்பி என்றாலும் தலையில் பாதி நரை. பாடியவர்களின் குரலை எடுத்துவிட்டு இசை மட்டும் உள்ள டிராக்கை அவர் ஓட்டுவார். திரையில் வரிகள் ஓடும். நாம் அதைப் பார்த்துப் பாட வேண்டும். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். யார் பாடினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார்.

எங்கள் குழுவில் குரலுக்குத் தக்க பாட்டை எடுக்கிற வழக்கமே கிடையாது. எந்த நடிகருக்கு ரசிகராக இருந்தோம், எந்தத் தியேட்டரில் யாரோடு படம் பார்த்தோம் என்பதுதான் கணக்கு. பல் டாக்டருக்கு அடித்தொண்டைக் குரல். பேசினாலே தகர டிரம்முக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் கல்லூரிக் காலத்தில் அவர் கட்அவுட்டுக்கு மாலை போட்ட நடிகரின் பாட்டெல்லாம் உச்சியிலேயே நிற்கிற பாட்டு. அதைத்தான் பாடுவேன் என்று நிற்பார். கழுத்து நரம்பு புடைக்க அவர் மேலே ஏறும்போது அவர் மனைவி தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடுவார். இதைவிடத் தாழ்ந்த பாட்டாக ஒன்று எடுக்கலாமே என்று யாராவது சொல்லிவிட்டால், தன் நடிகரையே சிறுமைப்படுத்திவிட்ட மாதிரி டாக்டருக்குக் கோபம் வரும்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். கல்யாணமான புதிதில் நாங்கள் பார்த்த முதல் படத்தின் பாட்டு அது. நாங்கள் என்றால் நாங்கள் இருவர் மட்டும் அல்ல. மாமியார், நாத்தனார்கள், ஓரகத்தி என்று ஒரு வரிசையே போனோம். அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. அந்தப் பாட்டு வந்தபோது அவர் முன்னால் குனிந்து, அத்தனை தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் பாட்டு. அதில் பெண் பாடும் சரணத்தின் மூன்றாவது வரி குரலுக்குப் பனைமரம் ஏறுகிற வேலை என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்.

என் குரல் ஒன்றும் பிறவிக் குயில் இல்லை. இருந்தாலும் அந்த வரியை எப்படியோ தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஐம்பதைத் தாண்டியதும் குரல் இறங்க ஆரம்பித்தது. நான் வேலை பார்ப்பது ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில். போனில் ஆர்டர் எடுப்பது என் பொறுப்பு. திடீரென்று எதிர்முனையில் எல்லோரும் என்னை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். பேரையூரிலிருந்து ஒருவர், சார், நீங்களும் பெண்ணைப் பெற்றவராகத்தான் இருப்பீர்கள், முகூர்த்தம் நெருங்கிவிட்டது, சீக்கிரம் அச்சடித்துக் கொடுங்கள் என்று உருகியபோது, சாராகவே இருந்து பதில் சொல்லி முடித்தேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாவது வரியில் ஏறினேன், குரல் கிழிந்தது. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் பெருந்தன்மையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் போனில் இருந்த கரோக்கி ஆப்பை எடுத்துவிட்டேன். இனிமேல் பாடுவதில்லை என்று மனதுக்குள் முடிவும் கட்டினேன். அவமானமாக இருந்ததால் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை அவர்தான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனார். சும்மா வந்து உட்காரு என்றார். உட்கார்ந்த பிறகு, பெயரைக் கொடுத்துவிட்டேன் என்றார். பயந்துகொண்டே ஏறினேன். மூன்றாவது வரி வந்தது. குரல் முனகாமல் கொள்ளாமல் மேலே போய் நின்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. முந்தின நாள் குடித்த மிளகுப்பாலின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் மிளகு, பனங்கற்கண்டு, பால் என்று ஒரு வைத்தியம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

ஆனால் ஆப்பைத் திரும்ப ஏற்றி வீட்டில் பாடிப் பார்த்தால் அதே வரி வரவில்லை. மிளகுப்பால் குடித்த வாயோடு பாடினாலும் வரவில்லை. ஹாலுக்குப் போனால் வந்தது. ஏசி காரணமா, மைக் காரணமா, நாலு பேரைப் பார்த்ததும் வருகிற வீம்பா? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். ஹாலில் கேட்கும்போது அந்தப் பாட்டே கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

இதே சமயத்தில்தான் அவர் குரல் கெட்டுப்போனது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். பேச்சு குறைவு, பாட்டு என்றால் கணீரென்று இருக்கும். அப்படிப்பட்டவர் ஹாலில் சரணத்தை எடுக்கும்போது, அடியில் போகும் வரிகளில் குரலே இல்லாமல் போய்விட்டார். மைக்கில் மூச்சுக் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. தலைவர் முதலில் ஜாடையாகச் சொன்னார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படியே, "மாப்ள, காத்துதான் வருது, பாட்டக் காணோம்" என்றார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருடைய அண்ணன் தொண்டைக் கட்டியில்தான் போனார். அவருக்கும் முதலில் கம்மியது குரல்தான்.

பயத்தோடு கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்கக் குழப்பம்தான் கூடியது. நாங்கள் சௌராஷ்டிரர்கள்; வீட்டுக்குள் எங்கள் மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். மகாலுக்குப் பின்னால் எங்கள் தெருவில் ஒரு பஜனை மடம் உண்டு. சனிக்கிழமை அங்கே இவர்தான் முன்பாட்டு. ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க, பெண்கள் மறு பக்கம் உட்கார்ந்து திருப்பிப் பாடுவோம். அங்கே இவர் குரல் தெருமுனை வரை கேட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வெண்கலமாக இருந்த தொண்டை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படிக் கிழிந்த சாக்காகும்? வெண்கலத்துக்கும் சாக்குக்கும் நடுவில் அவர் சாப்பிட்டது நான் செய்த உப்புமா மட்டும்தான். உப்புமாவையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன்.

கடைசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாரே தவிர, ஏன் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் அண்ணனும் இப்படித்தான் சொன்னார் என்று நான் அழுதபோதுதான் சட்டையை மாட்டினார். டாக்டர் மூக்கு வழியாக ஒரு சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். இவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தொண்டை பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தாம்மா குரல் இறங்கியிருக்கு. மாதவிலக்கு நின்ன பிறகு பொம்பளைங்களுக்கு இது சகஜம். கவலைப்பட ஒண்ணுமில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஹாலில் வந்து என் மூன்றாவது வரியைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இவர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. என் குரலின் உண்மையான அளவு என்னவென்று நானே கண்டுபிடித்துவிடுவது என்று இறங்கினேன். போனில் தட்டினால் இதற்கென்றே எத்தனையோ வீடியோக்கள். நீங்கள் இயல்பாகப் பேசுகிற குரலில் ஆரம்பியுங்கள், அதிலிருந்து கீழே எவ்வளவு போகிறது, மேலே எவ்வளவு போகிறது என்று பாருங்கள், அதற்குள் அடங்குகிற பாட்டை எடுங்கள் என்றார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. அடுப்படியில் நின்று "ஆ" என்று அடியிலிருந்து மேலே இழுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, கிரைண்டர் பெல்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல், நான் இயல்பாகப் பேசுகிற குரல் எது என்பது. அதுவரை நான் இதை யோசித்ததே இல்லை. வீட்டில் எங்கள் மொழியில் பேசும்போது என் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. தெருவில் தமிழ் பேசினால் ஒரு படி ஏறுகிறது. கடையில் போன் எடுத்து வணக்கம் சொல்லும்போது இன்னும் ஒரு படி. மகளுடைய அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் இங்கிலீஷில் பேசினால் எனக்கே அடையாளம் தெரியாத ஒரு கீச்சுக் குரல். இதில் எது நான்? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பஜனை மடத்தையும் யோசித்தேன். ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான் பாட்டின் சுருதியைச் சொல்வது. ஒரு கட்டை, இரண்டு கட்டை என்றால் ஆண்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதி. ஐந்து, ஆறு என்றால் பெண்களுக்குத் தோதான உயரம். மடத்தில் ஆர்மோனியம் ஆண்கள் பக்கம் இருக்கும். அவர்களுக்குத் தோதான கட்டையில் அவர்கள் எடுப்பார்கள். பெண்கள் அதற்குள்ளேயே அடங்கிப் பாடுவோம். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். என் கட்டை எது என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ஆண் சுருதியில் பாடிப் பழகி, பெண் சுருதிப் பாட்டுக்கு ஆசைப்பட்டு, இப்போது சார் ஆகிவிட்ட எனக்கு எந்தப் பாட்டு சரிவரும்? தாலாட்டு பாடிப் பார்த்தேன். நடுவில் எனக்கே தூக்கம் வந்தது. சோகப் பாட்டு பாடிப் பார்த்தேன். இவர் பதறிப்போய் அடுப்படிக்கு வந்து மகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஆண்டு விழா நெருங்கியது. அழகர்கோவில் போகிற வழியில் ஒரு மண்டபத்தில், உறவினர்களை எல்லாம் அழைத்து, சாப்பாட்டோடு நடத்துவது வழக்கம். அதில் யார் யாரோடு எந்தப் பாட்டு என்பதைத் தலைவர்தான் ஒத்திகையில் கேட்டு முடிவு செய்வார். அந்த வருஷம் எங்கள் முறை முடிந்ததும் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். அம்மா குரல் நாளுக்கு நாள் மெருகேறுகிறது, சார் குரல் ஒத்துழைக்கவில்லை, விழாவில் அந்தப் பாட்டை அம்மாவோடு நம் வங்கிக்காரர் பாடட்டும், சார் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கட்டும் என்றார். வங்கிக்காரருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கட்டைக் குரல். நல்ல மனிதர்தான். அதற்காக என் வீட்டுக்காரர் தலைகளைத் தாண்டி என்னைப் பார்த்த பாட்டை நான் வங்கிக்காரரைப் பார்த்துக்கொண்டு பாட முடியுமா?

நான் வாய் திறப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். "அவ பாடுனாப் போதும் சார்" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாடினால் இவரோடு பாடுவேன், இல்லையென்றால் எனக்குச் சாப்பாட்டுப் பந்தி வேலையைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். தலைவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். இந்த வருஷம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அன்றைக்கும் குரல் எழும்பவில்லை என்றால் அடுத்த வருஷம் சார் தொகுப்புக்குப் போய்விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தமா, நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை.

எப்படியாவது இவர் குரலைத் தேற்றிவிட வேண்டும் என்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஹாலில்தானே கெடுகிறது, ஹாலில் ஓடுகிற அதே டிராக்கை வீட்டில் போட்டுப் பாட வைத்தால் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். விழாவுக்கு முந்தின வாரம் இவர் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்துச் சவுண்டு தம்பிக்குப் போன் அடித்தேன். எங்கள் பாட்டின் டிராக்கை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன்.

"எதை அனுப்பக்கா? ஒரிஜினலா, அண்ணே இறக்கச் சொன்னதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எதை இறக்கினார் என்று கேட்டேன்.

"ரெண்டு கட்ட இறக்கித்தானக்கா இம்புட்டு நாளா ஓட்டுறேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்." பிறகு தணிந்த குரலில், "அண்ணே யார்ட்டயும் சொல்ல வேணாம்னாரு. நான் சொன்னதாக் காட்டிக்கிறாதீங்கக்கா" என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. பாட்டு மொத்தத்தையும் இரண்டு கட்டை கீழே இறக்கினால் என் பனைமரம் முருங்கை மரமாகிவிடும். யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் ஆண் பாடுகிற அடி வரிகள் கிணற்றுக்குள் போய்விடும். இவருடையது மேலே பேசுகிற குரல், கீழே தண்ணீர் இல்லாத குரல். அங்கே காற்றுதான் வரும். என்னுடைய மூன்றாவது வரிக்கு ஹாலில் விழுந்த கைத்தட்டல் எல்லாம் இவர் தொண்டையிலிருந்து எடுத்தது.

கோபப்படுவதா, அழுவதா என்றே தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஹாலில் தலை நிமிர்ந்து நடந்தேன். டீச்சர்களுக்கு மிளகுப்பால் செய்முறை எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அத்தனையும் பொய் என்று ஆனதில் முகம் சுட்டது. அதே நேரத்தில், மூக்கு வழியாகக் கேமரா போனபோது கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அந்த நாற்காலியில்கூட வாயைத் திறக்கவில்லையே, என்ன பிறவி இது? சாயங்காலம் அவர் வந்ததும் காபியைக் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க மாற்று வழி தேடினேன். எனக்கும் மேலே கிழியாமல், அவருக்கும் அடி தட்டாமல் ஒரு பாட்டு கிடைக்குமா என்று கடையில் வேலைக்கு நடுவில்கூட முணுமுணுத்துப் பார்த்தேன். ஒன்றில் எனக்கு வந்தால் அவருக்கு வராது, அவருக்கு வந்தால் எனக்கு வராது. இருவருக்கும் தோதாக ஒன்று வந்தது; அது ஒரு டீத்தூள் விளம்பரப் பாட்டு. கடைசியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. இவர் குரல் போகவில்லை என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். என் குரல் போனால் போகட்டும்.

விழா அன்று காலை மண்டபத்தில் இவர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சவுண்டு தம்பியிடம் போய் ஒரிஜினல் டிராக்கை ஓட்டச் சொன்னேன். அவர் என்னையும், தூரத்தில் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு ஏறாதே" என்றார். ஏறாது என்று தெரியும், ஓட்டுங்கள் என்றேன். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட மாதிரி அவர் விழித்தாலும், சரி என்று தலையாட்டினார்.

எங்கள் முறை வந்தது. முன்னிசை ஆரம்பித்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. திடுக்கிட்டுச் சவுண்டு தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்தார். பிறகு இவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் பல்லவியை எடுத்தார். எடுத்ததும் மண்டபத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. சரணத்தின் அடி வரிகளில் குரல் ஒரு இடத்திலும் கம்மவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி துலக்கமாக வந்தது. தலைவர் மூடிய கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் என் இடம் வந்ததைக்கூட ஒரு நொடி தாமதமாகத்தான் பிடித்தேன்.

முதல் இரண்டு வரி சமாளித்தேன். மூன்றாவது வரியில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. பாதியில் குரல் கிழிந்து நின்றுவிட்டது. இந்த முறை வாயை அசைத்து ஏமாற்றத் தோன்றவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன். இசை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இவர் குரல் வந்தது. நான் விட்ட இடத்திலிருந்து அந்தப் பெண் வரியை, அவருடைய குரலில், என்னைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்தார். கூட்டம் அதை எங்கள் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியது. பல் டாக்டர் விசில் அடித்தார்.

பந்தியில் தலைவர் இவர் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டைக்கு என்ன வைத்தியம் என்று விசாரித்தார். இவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, மிளகுப்பால் என்றார். அடுத்த வருஷமும் நீங்களே பாடுங்கள், அம்மாவுக்குத்தான் இன்றைக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது போல என்று சொல்லிவிட்டுத் தலைவர் பாயசத்துக்குப் போனார்.

மூன்று மணி வெயிலில் ஸ்கூட்டரில் திரும்பினோம். ஒரு புளியமரத்தடியில் இளநீர் விற்பதைப் பார்த்து நிறுத்தினார். இளநீர் கையில் வந்த பிறகு, எங்கள் மொழியில், "எதுக்கு ஏத்தச் சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு இறக்கச் சொன்னீங்க?"

அவர் உறிஞ்சு குழலை மடக்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஆப்பை எடுத்தியே, பாத்துட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருந்தா நீ பாட்டையே விட்டிருப்ப."

"அதுக்காக உங்க குரலைக் கெடுத்துக்கணுமா? எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கணுமா?"

"குரல் எங்க கெட்டுச்சு, அதுதான் சனிக்கிழமை சனிக்கிழமை மடத்துல பாடுறேனே." இளநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மடத்துல நான் அந்தக் கோடி, நீ இந்தக் கோடி."

இளநீர்க்காரருக்கு முன்னால் அழுதுவிடக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பி நின்றேன். என் குரலின் அளவு என்ன, எனக்கு எந்தப் பாட்டு சரிவரும் என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற அந்த அடிக்குரலில் அவரிடம் சொன்னேன்.

"அடுத்த தடவை ஒரு கட்டை மட்டும் இறக்கச் சொல்லுங்க. கஷ்டம் ஆளுக்குப் பாதி."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, தம்பியிடம் நீயே சொல்லிவிடு என்று ஸ்கூட்டரை எடுத்தார்.